பதினாறு தொடர்களுக்குள் ஓர் உறவு

இணையத்தில் முன்பின் அறியாதவர்களோடு பந்து விளையாடுவதால் என்ன பயன் என்று என்னிடம் கேட்பவர்கள் இரு வகையினர். ஆய்வேடு எப்போது முடியும் என்ற கவலையில் கேட்பவர்கள் முதல் வகை. என் அம்மாவும் என் நெறியாளரும் அவ்வகையினர். இரண்டாம் வகையினர் தாமும் விளையாடுபவர்களே. கணினியை எதிர்த்து ஆடினால் போதாதா, முகம் தெரியாதவர்களிடம் ஏன் வசை வாங்க வேண்டும் என்பது அவர்களது கேள்வி. இரு சாராருக்கும் சேர்த்து ஒரு விடை எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். பதிவு நீளமானது, பொறுத்தருள்க.

நான் ஆடுவது ராக்கெட் லீக். அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது கால்பந்தாட்டம்தான், ஆனால் ஆட்டக்காரர்களின் இடத்தில் கார்கள். சுவரும் கூரையும் கொண்ட அரங்கில், பின்புறம் தீ கக்கும் கார்கள் தம்மைவிடப் பெரிய பந்தை முட்டித் தள்ளிக் கோலுக்குள் செலுத்த வேண்டும். பொதுவாக அணிக்கு மூவர். ஆட்டம் ஐந்து நிமிடம். அமெரிக்காவின் சான் டியேகோ நகரைச் சேர்ந்த சயோனிக்ஸ் நிறுவனம் 2015 ஜூலையில் இதனை வெளியிட்டது. ஏறத்தாழ இதே ஆட்டத்தை வேறொரு பெயரில் 2008-இலேயே அந்நிறுவனம் வெளியிட்டிருந்தது. அன்று அதனை அதிகம் பேர் பொருட்படுத்தவில்லை. 2020 செப்டம்பர் முதல் கட்டணமின்றி ஆடலாம் என்றாயிற்று. உதவித்தொகை மூன்று மாதம் தாமதமாக வரும் விடுதிகளில் இச்செய்தியின் அருமையை விளக்கத் தேவையில்லை.

ஆனால் என்னைப் பிடித்து வைத்தது அந்த ஆட்டத்தின் பந்தன்று, அதன் பேச்சு. ஏன் என்று சொல்வதற்கு முன் என் பேச்சைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்குச் சிறுவயது முதலே பேச்சுத் திக்கும். வல்லின எழுத்துகளில் தொடங்கும் சொற்கள், குறிப்பாகக் ககரமும் பகரமும், தொண்டையிலோ உதட்டிலோ நின்றுவிடும். ஒரு சொல் வராது என்பது அரை நொடி முன்பே தெரிந்துவிடும்; அதற்குள் வேறொரு சொல்லுக்குத் தாவியாக வேண்டும். 'கடைக்குப் போனேன்' என்பது என் வாயில் 'அங்காடிக்குச் சென்றேன்' ஆகிவிடும். பள்ளியில் அதனைக் கேட்டவர்கள் எனக்கு இலக்கியப் பற்று மிகுதி என்று எண்ணிக்கொண்டார்கள். பூரி உண்ண விரும்பி, இட்லி என்று சொல்லி, இட்லியே உண்ட நாட்கள் பல. ஒத்த பொருளுடைய சொற்களைத் தேடித் தேடியே மொழியியலுக்கு வந்து சேர்ந்தேன் என்று சொன்னால் அது பாதி வேடிக்கை, பாதி உண்மை. பெயருக்கு மட்டும் ஒத்தசொல் கிடையாது. என் பெயர் ககரத்தில் தொடங்குகிறது.

உரையாடலை ஆராய்பவர்கள் அளந்து சொல்லும் ஒரு செய்தி உண்டு. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒருவர் கேள்வி கேட்டு முடிப்பதற்கும் மற்றவர் விடையளிக்கத் தொடங்குவதற்கும் இடையிலான இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவே என்று காட்டியது. மொழிக்கு மொழி சற்றே மாறினாலும், எங்கும் அது மிகக் குறுகிய வாசல்தான். நம் பேச்சுலகம் முழுவதும் அந்த வாசலின் அளவுக்கு ஏற்பக் கட்டப்பட்டிருக்கிறது. திக்கிப் பேசுபவரிடம் சொல் இருக்கிறது, கருத்தும் இருக்கிறது. அவர் வந்து சேர்வதற்குள் வாசல் மூடிவிடுகிறது. வேறொருவர் அவரது வாக்கியத்தை முடித்துவைத்துவிடுகிறார், பெரும்பாலும் அன்பினாலேயே.

முதுகலை படித்த காலத்தில் விடுதித் தோழர்கள் ஃபிஃபா விளையாட்டில் ப்ரோ கிளப்ஸ் ஆடுவார்கள். அணியின் ஒவ்வோர் ஆட்டக்காரரையும் ஒவ்வொரு மனிதர் இயக்கும் முறை அது. பதினொருவர் தனித்தனி ஊர்களில் அமர்ந்து ஹெட்செட் வழியே பேசிக்கொண்டே ஓர் அணியாக ஆடலாம். ஆட்டத்தில் மிகுதியாகச் சொல்ல வேண்டிய சொல் 'பாஸ்'. பகரம். நான் அதனைச் சொல்லி முடிப்பதற்குள் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியிருக்கும். ஒருமுறை மறுமுனையில் இருந்த ஒருவர், "உங்கள் நெட்வொர்க் விட்டு விட்டு வருகிறது" என்றார். "ஆம்" என்றேன். ஆம் என்பது எனக்கு எளிதில் வரும் சொல். அதன்பின் ஒலிவாங்கியை அணைத்துவிட்டுச் சில வாரம் ஆடினேன். குரல் கொடுக்காதவனுக்குப் பந்து வருவதில்லை என்பது அப்போது தெரிந்தது. அதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. அந்த ஆட்டம் அப்படித்தான் இயங்கும்.

ஐதராபாத்துக்கு ஆய்வுக்கு வந்த பிறகுதான் ராக்கெட் லீக் அறிமுகமாயிற்று. அடுத்த அறையில் இருந்த மணிப்பூர் நண்பர் வேதியியல் ஆய்வாளர். மேல்தளத்தில் இருந்த ஒடிசா நண்பர் பொருளியல். என் இந்தி அரைகுறை. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. மூவருக்கும் தெலுங்கு கடைத்தெரு அளவுக்கு மட்டுமே. அவர்கள்தாம் என் மடிக்கணினியில் இதனை நிறுவிக் கொடுத்தார்கள்.

இந்த விளையாட்டில் 'க்விக் சாட்' என்றொரு வசதி உண்டு. இரண்டு விசைகளை அடுத்தடுத்து அழுத்தினால், முன்பே எழுதி வைக்கப்பட்ட ஒரு தொடர் மற்றவர்களின் திரையில் தோன்றும். ஓடும் காரிலிருந்து கையை எடுத்துத் தட்டச்சு செய்ய நேரமில்லாத ஆட்டத்தில் பெரும்பாலோர் இப்படித்தான் பேசுகிறார்கள். நான்கு பிரிவுகள், பிரிவுக்கு நான்கு தொடர்கள், ஆகப் பதினாறு. முதற்பிரிவு செய்தி: பந்தை நான் எடுக்கிறேன், எரிபொருள் வேண்டும், நீ அடி, நான் காக்கிறேன். இரண்டாவது பாராட்டு: 'நைஸ் ஷாட்!', 'கிரேட் பாஸ்!', 'தேங்க்ஸ்!', 'வாட் எ சேவ்!'. மூன்றாவது வியப்பும் பதற்றமும்: 'வாவ்!', 'க்ளோஸ் ஒன்!' முதலியன. நான்காவது மன்னிப்பு: 'சாரி!', 'வூப்ஸ்...', 'நோ ப்ராப்ளம்.', கூடவே குறியீடுகளால் மறைக்கப்பட்ட ஒரு வசைச்சொல். இவற்றில் சிலவற்றை நீக்கி வேறு தொடர்களை அமைத்துக்கொள்ளவும் வழியுண்டு. எனினும் பையில் இருப்பவை எப்போதும் பதினாறுதான்.

முதல் நாள் இரவே எனக்குப் புரிந்தது. இங்கே எல்லோருக்கும் இரண்டு விசைகள்தாம். என் 'கிரேட் பாஸ்!' யாருடைய 'கிரேட் பாஸ்!' தோன்றும் வேகத்திலும் தோன்றியது. ககரமும் பகரமும் அருகருகே அமைந்த அந்தத் தொடரை வாய்விட்டுச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை என்னை அறிந்தவர்கள் அறிவார்கள்.

இனி மொழியியல் மாணவனாகச் சில சொற்கள். அந்தப் பதினாறில் ஆட்டத்துக்கு நேரடியாகத் தேவையானவை முதற்பிரிவின் நான்கு மட்டுமே. எஞ்சிய பன்னிரண்டும் பந்தை ஓர் அங்குலமும் நகர்த்துவதில்லை. அவை பாராட்ட, வியக்க, வருந்த, மன்னிக்க. செய்தி சொல்வதற்கன்றி, உறவைப் பேணுவதற்கே நிகழும் பேச்சும் உண்டு என்று 1923-இல் மாலினோவ்ஸ்கி எழுதினார். 'சாப்பிட்டாயா' என்று நாம் கேட்பது உணவுக் கணக்கு எடுப்பதற்கா? பட்டியலை அமைத்தவர்கள் அவரைப் படித்திருக்க வேண்டியதில்லை. மூவர் ஐந்து நிமிடம் சேர்ந்து ஓர் வேலையைச் செய்ய என்னென்ன சொல்லிக்கொள்வார்கள் என்று எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். நான்கில் மூன்று பங்கு உறவாகவே அமைந்துவிட்டது.

இன்னொன்று. திரையில் தோன்றுவது தட்டச்சு செய்த எழுத்தன்று, விளையாட்டு ஏற்கெனவே அறிந்த தொடர். ஆதலால் பிரெஞ்சு மொழியில் ஆடுபவர் என் பாராட்டைப் பிரெஞ்சில் படிக்கிறார். துருக்கியில் ஆடுபவர் துருக்கியில். தமிழ் அப்பட்டியலில் இல்லை, இந்தியும் இல்லை. அது தனியே எழுத வேண்டிய குறை.

சொற்கள் குறைந்தால் பொருளும் குறையும் என்று நினைப்போம். நடப்பது வேறு. 'வாட் எ சேவ்!' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கோலைத் தடுத்தவரை மெச்சும் தொடர் அது. ஆனால் எளிய பந்தை ஒருவர் கோட்டைவிட்டு எதிரணி கோல் போடும்போது, அதே தொடர் திரையில் மூன்று முறை அடுக்கி வரும். அதியமானின் தூதாகச் சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசி மாலை சூட்டி அழகாக இருப்பதாகப் புகழ்ந்த புறநானூற்றுப் பாடலைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். போர் முகம் காணாத படைக்கலங்கள் என்பது அதன் உட்பொருள். வஞ்சப்புகழ்ச்சிக்கு இதைவிடச் சிறந்த இக்கால எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. ஒரே தொடர், ஒரே எழுத்துரு, குரலின் ஏற்ற இறக்கம் கிடையாது. ஆயினும் மெச்சலா குத்தலா என்பதில் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. பந்து எங்கே இருந்தது, எத்தனை முறை வந்தது, எந்த நொடியில் வந்தது என்பவையே பொருளைத் தீர்மானிக்கின்றன. பதினாறு தொடர்களைக் கொடுத்தவர் நிறுவனத்தார். பதினேழாவதை ஆக்கிக்கொண்டவர்கள் ஆடுபவர்கள்.

இதில் புண்படுபவர்களும் உண்டு. புதிதாக வந்த எத்தனையோ பேரை அந்தக் குத்தலே விரட்டியிருக்கும். அடுக்கடுக்காகச் சில தொடர்களை அனுப்பினால் சில நொடிகள் பேச்சை முடக்கிவைக்கும் ஏற்பாடும், பேச்சையே அணைத்துவைக்கும் வசதியும் இருக்கின்றன. அவை தேவையானவைதாம். ஆனால் பதினாறு தொடர்களுக்குள் ஒருவர் செய்யக்கூடிய கொடுமைக்கு ஓர் எல்லை உண்டு. திறந்த ஒலிவாங்கிக்கு அந்த எல்லை இல்லை. என் பேச்சைப் போலவே பேசிக் காட்டும் திறன் இரண்டு விசைகளுக்குக் கிடையாது.

எங்கள் மூவரின் வட்டத்தில் நான்காவதாக ஒருவர் சேர்ந்தார். மத்தியக் கிழக்கு சர்வரில் ஓர் இரவு தற்செயலாக எங்கள் அணியில் விழுந்தவர். ஆட்டம் முடிந்ததும் நட்பு அழைப்பு அனுப்பினார். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு, வாரத்துக்கு மூன்று நான்கு இரவுகள், எங்களில் எந்த இருவர் இணைப்பில் இருந்தாலும் அவர் மூன்றாவதாக வருவார். 2019-இல் இவ்விளையாட்டில் கழகங்கள் அமைக்கும் வசதி வந்தது. ஒரு கழகத்தில் 20 பேர் வரை சேரலாம். நாங்கள் நால்வரே ஒரு கழகம். அவரது நாடு தெரியாது, வயது தெரியாது, தொழில் தெரியாது. ரமலான் மாதத்தில் நள்ளிரவுக்குப் பின்பே வருவார். நோன்பு நோற்பவர் என்று நாங்களாக ஊகித்துக்கொண்டோம். பந்தைத் தவறவிட்டால் உடனே 'சாரி!' என்பார். மணிப்பூர் நண்பர் 'நோ ப்ராப்ளம்.' என்பார். ஓர் இரவில் அந்த இணை இருபது முறை நிகழும். மூன்று வேறு தாய்மொழிகள், இடையில் அந்த இணை.

ஒருமுறை விளையாட்டுக்குள்ளேயே நடக்கும் போட்டித் தொடர் ஒன்றில் சேர முடிவு செய்தோம். ஒடிசா நண்பருக்கு மறுநாள் தேர்வு. ஆகவே மற்ற மூவரும். போட்டி என்பதால் டிஸ்கார்டில் ஒரு குரல் அறையைத் திறந்து, எல்லோரும் அங்கே வந்துவிடுங்கள், பேசிக்கொண்டே ஆடலாம் என்றார் அந்த நண்பர். மணிப்பூர் நண்பர் சென்றார். நான் செல்லவில்லை. முதல் ஆட்டம் முடிந்ததும் அவர் விளையாட்டிலேயே தட்டச்சு செய்தார்: "மைக் இல்லையா?"

விரல்களுக்குத் திக்கு இல்லை. "மைக் இருக்கிறது. எனக்குப் பேச்சுத் திக்கும்" என்று எழுதினேன்.

சில நொடிகள் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது தட்டச்சு அன்று. 'நோ ப்ராப்ளம்.' இரண்டு விசைகள்.

அடுத்த ஆட்டம் தொடங்கியபோது இருவரும் குரல் அறையை விட்டு வெளியேறியிருந்தார்கள். அதைப் பற்றி யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. 'ஐ காட் இட்!' என்றார் அவர், பந்து ஓடியது. இரண்டாம் சுற்றில் தோற்றுப்போனோம்.

அந்த 'நோ ப்ராப்ளம்' பற்றி நான் நிறைய எண்ணியிருக்கிறேன். திக்கைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கிடைக்கும் விடைகளை வரிசைப்படுத்தவே முடியும். கூழாங்கல்லை வாயில் வைத்துப் பழகச் சொல்பவர்கள், பெரிய மனிதர்கள் பலரும் திக்கியவர்களே என்று ஆறுதல் சொல்பவர்கள், மூச்சை இழுத்துவிட்டு மெதுவாகப் பேசு என்பவர்கள். எல்லோரும் நல்லவர்களே. எல்லோருடைய விடையிலும் திக்கு மிகப் பெரியதாகிவிடுகிறது. இவரோ, தவறிப்போன ஒரு பந்துக்கு என்ன சொல்வாரோ அதையே சொன்னார். என் வாழ்வில் முதன்முறையாகத் திக்கு ஒரு பந்தின் அளவுக்குச் சுருங்கியது. அவரிடம் வேறு சொல் இல்லாததால் அப்படிச் சொன்னார் என்று நீங்கள் கூறலாம். தட்டச்சுப் பலகை அவர் கைக்கு அருகிலேயே இருந்தது.

இத்தகைய வசதிகளை நிறுவனங்கள் எப்படி மதிக்கின்றன என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. ஈஏ நிறுவனத்தின் பனி ஹாக்கி விளையாட்டில், பலர் கழகமாகச் சேர்ந்தாடும் முறை 2008 முதல் இருந்துவந்தது. 2014-இல் புதிய கருவிகளுக்கு வந்த என்எச்எல் 15 பதிப்பில் அது இல்லை. காட்சிகள் முன்னெப்போதையும்விடத் தத்ரூபமாக இருந்தன. ஆனால் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்தாடிய கழகங்களுக்கு அங்கே இடமில்லை. ஆடுபவர்களின் மனக்குறை ஓங்கவே, அடுத்த ஆண்டுப் பதிப்பில் திரும்ப வந்தது. ஃபிஃபா 23-இல் வெவ்வேறு கருவிகளில் இருப்பவர்கள் தமக்குள் ஆட வழி பிறந்தபோது, ப்ரோ கிளப்ஸுக்கு மட்டும் அவ்வழி திறக்கவில்லை. ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. ராக்கெட் லீக்கிலும், ஆடுபவர்கள் தமக்குள் பொருள்களைப் பரிமாறிக்கொள்ளும் முறை 2023 டிசம்பரோடு நீக்கப்பட்டது. அதனைச் சுற்றி உருவாகியிருந்த பழக்கவழக்கங்களும் உடன் போயின. காட்சியின் நுணுக்கத்தை விளம்பரத்தில் காட்டலாம். ஒடிசா நண்பருக்கும் பெயரறியா அந்த நண்பருக்கும் இடையே இருப்பதை எதில் காட்டுவது? காட்ட முடியாததால் முதலில் வெட்டப்படுவதும் அதுவே.

கணினியை எதிர்த்து ஆடினால் போதாதா என்று கேட்டவர்களுக்கு என் விடை இது. கணினி என்னைவிட நன்றாக ஆடும். ஆனால் அது தவறவிட்ட பந்துக்கு என்னிடம் மன்னிப்புக் கேட்காது. கேட்டாலும் அதனை மன்னிக்கும் இடத்தில் நான் இருக்க மாட்டேன். மன்னிக்கும் இடத்தில் இருப்பது, ஓர் அணியில் இருப்பதன் பாதி. திக்கிப் பேசுபவனுக்கு அந்த இடம் எளிதில் வாய்ப்பதில்லை. அவன் எப்போதும் காத்திருக்க வைப்பவன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்பவர்கள். இங்கே நானும் ஒரு நாளைக்குப் பத்து முறை 'நோ ப்ராப்ளம்.' என்று சொல்லும் நிலையில் இருக்கிறேன்.

இதனால் என் திக்கு குறைந்ததா என்று கேட்காதீர்கள். குறையவில்லை. விளையாட்டை மருந்தாக்கிப் பேசும் பேச்சில் எனக்கு உடன்பாடும் இல்லை. சென்ற மாதம் ஆய்வேட்டுச் சமர்ப்பிப்புக்கு முந்தைய கருத்தரங்கில் பேச வேண்டியிருந்தது. மற்றவர்கள் முப்பது நிமிடத்தில் முடிப்பதை நான் ஐம்பது நிமிடத்தில் முடித்தேன். கேள்வி நேரத்தில், என் தரவுத் தேர்வைக் குறித்து ஒரு பேராசிரியர் கடினமான கேள்வி ஒன்றை எழுப்பினார். விடையின் முதற்சொல்லே ககரத்தில் தொடங்கியது. இம்முறை வேறு சொல்லுக்குத் தாவவில்லை. அந்தச் சொல்தான் சரியான கலைச்சொல். அது வரும்வரை நின்றேன். வந்தது. அவையினரும் காத்திருந்தனர். வெளியே வந்து கைப்பேசியைப் பார்த்தபோது, கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மணிப்பூர் நண்பர் ஒரே வரி அனுப்பியிருந்தார்: "வாட் எ சேவ்!"

மெச்சலா குத்தலா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அம்மாவுக்கும் நெறியாளருக்கும்: நான்காம் இயல் இந்த மாத இறுதிக்குள் வந்துவிடும். மற்ற நண்பர்களுக்கு ஒரு செய்தி. ஒடிசா நண்பர் படிப்பை முடித்துப் புவனேசுவரம் சென்றுவிட்டார், அங்கிருந்தும் ஆடுகிறார். எனினும் எங்கள் கழகத்தில் இன்னும் பதினாறு இடங்கள் காலியாக இருக்கின்றன. சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு மேல் ஆடுவோம். மைக் தேவையில்லை. திக்கிப் பேசுபவர்கள், பேசவே விரும்பாதவர்கள், விளையாடவே தெரியாதவர்கள் யாவரும் வரலாம். பந்தைத் தவறவிட்டால் என்ன விடை வரும் என்பது உங்களுக்கு இப்போது தெரியும்.